சத்தம் நின்றால் போய்ப் பார்ப்பவர்கள்

மாப்ள,

தாராசுரத்தில் சித்தி மகள் கல்யாணம். முகூர்த்தம் முடிந்த கையோடு மண்டபத்தில் கரண்ட் போய்விட்டது. பின்பக்கம் யாரோ ஜெனரேட்டரைக் கிளப்பினார்கள். முதலில் பெட்ரோல் வாசனை. கொஞ்ச நேரத்தில் அது மாறி, தொண்டைக்குள் போய் ஒட்டிக்கொள்ளும் அந்த மண்ணெண்ணெய்ப் புகை. எல்லோரும் பந்திக்கு நடந்துகொண்டிருந்தார்கள். நான் எதிர்த் திசையில் நடந்து ஜெனரேட்டர் பக்கத்தில் போய் நின்றேன்.

"புகை உள்ள வருதா சார்? பெட்ரோல்ல எழுப்பி இப்பதான் மண்ணெண்ணெய்க்கு மாத்துனேன். சூடேறினா அடங்கிடும்," என்றார் மைக்செட்காரர்.

"தெரியும்."

"சாரும் இந்த லைனா?"

"இல்லைங்க. இதை ஒழிக்கிற லைன்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்பறம் ஏன் சார் இவ்வளவு பக்கத்துல நின்னு மூச்சு இழுக்கிறீங்க?"

உன்னைப் பற்றிய எந்தக் கேள்விக்குமே எனக்குப் பதில் தெரியவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன். வரிசையாக எழுதிப் பார்த்தால் எங்கே தப்பு என்று பிடிபடும் என்று நினைக்கிறேன். இன்ஜினில் கோளாறு தேடுவது அப்படித்தான்.

பாலிடெக்னிக்கில் நீ என் ஹாஸ்டல் அறையில் இருந்தது ஒரு வருடம்கூட இல்லை. உன் அப்பாவுக்குக் கால் முடியாமல் போனதும் பெட்டியைக் கட்டிக்கொண்டு படகுக்குப் போய்விட்டாய். நான் முடித்தேன், படகு இன்ஜின் சர்வீஸ் பயிற்சியும் எடுத்தேன். சில வருடங்கள் கழித்து, புகை குறைந்த நாலு ஸ்ட்ரோக் பெட்ரோல் இன்ஜின்களைப் படகுக்காரர்களுக்குப் பழக்கிக்கொடுக்கும் வேலையில் முத்துப்பேட்டைக்கு அனுப்பினார்கள். கோரையாற்றுப் படகுத்துறையில் முதல் நாள் இறங்கியபோது, முழங்கால் சேற்றில் நின்று ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிக்கொண்டிருந்தவன் திரும்பிப் பார்த்து, "அடடே, டிப்ளமா வந்துருக்கு! எல்லாரும் எந்திரிச்சு நில்லுங்கப்பா!" என்றான். நீதான்.

அன்றைக்கே சண்டை போட்டோம். உன் பழைய இரண்டு ஸ்ட்ரோக் இன்ஜின் குடிக்கிற மண்ணெண்ணெயில் ஒரு பங்கு எரியாமலே புகையோடு சேர்ந்து தண்ணீருக்குள் போகிறது என்றேன். அலையாத்தி வேரில் வானவில் மாதிரிப் படர்ந்திருந்த எண்ணெயைக் காட்டினேன். "இந்த வேருக்குள்ளதான் இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் வளருது, தெரியுமில்ல?" என்றேன்.

"அந்த நண்டைத் திங்கிறவனே நான்தான். எனக்குத் தெரியாதா? சில நாளு குழம்புலயே மண்ணெண்ணெய் வாடை அடிக்கும்."

"தெரிஞ்சுமா ஓட்டுற?"

"தெரிஞ்சுதான் ஓட்டுறேன். ரேஷன் மண்ணெண்ணெய் கெடைக்குது, இஞ்சினு ஓடுது. நீ ஒண்ணும் புதுசாச் சொல்லல மாப்ள. வா, கஞ்சி குடி."

எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. தெரியாதவனுக்குச் சொல்லிக்கொடுக்க எனக்குப் பயிற்சி உண்டு. தெரிந்தவனை என்ன செய்வது? அடுத்த தடவை புகை அளவுப் படமெல்லாம் பெரிதாக அச்சடித்துக் கொண்டுவந்தேன். அதை விரித்து அதன் மேல் மீனைக் கூறு போட்டாய்.

பிறகு ஒருநாள் நீயே போன் செய்தாய். "உன் இஞ்சினைக் கொண்டா. எனக்கு மட்டும் இல்ல, துறையில எல்லாருக்கும்."

பாபநாசத்தில் வீட்டு வாசலில் நின்றுதான் அந்தப் போனை எடுத்தேன். சந்தோஷத்தில் அப்பாவைக் கூப்பிட்டு, "ஜெயிச்சுட்டேம்ப்பா" என்றேன். கோயில் நிலத்தைக் குத்தகைக்கு உழுதுகொண்டு, குத்தகைப் பதிவில் தன் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதற்கே பாதி ஆயுள் அலைந்தவர் அவர். "யாரை ஜெயிச்சே?" என்று கேட்டார்.

விஷயம் எனக்குத் தாலுகா ஆபீஸ் வராந்தாவில் வைத்துத்தான் தெரிந்தது. துறைக்கு மேல்கையில் இறால் பண்ணை வைத்திருந்தவர் மனுக் கொடுத்திருந்தார். படகுகளின் மண்ணெண்ணெய் கசிந்து, குட்டைக்குத் தண்ணீர் எடுக்கும் இடத்தைக் கெடுக்கிறது. துறை இருப்பது புறம்போக்கு. படகுகளை அங்கிருந்து எடுக்க வேண்டும். அவரை ஊருக்கே தெரியும். ஆட்சி மாறும்போதெல்லாம் அவர் வீட்டு வாசலில் கொடி மாறும். குட்டையின் வரப்பு மட்டும் எந்த ஆட்சியிலும் ஒரே திசையில், துறையைப் பார்த்தே நகர்ந்து வந்தது. நெல் விளைந்த நிலத்தைக் குட்டையாக்கி, பக்கத்து வயலில் உப்பேற்றி, அதையும் குறைந்த விலைக்கு வாங்கி, கடைசியில் ஆற்றங்கரைக்கு வந்து நின்றிருந்தார். துறை போனால் உங்களுக்குப் படகு கட்ட வேறு இடம் இல்லை.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் உன்னைப் பிடித்தேன்.

"அப்ப என் இன்ஜின் உனக்கு ஒரு எதிர்மனு. அவ்வளவுதானே?"

"ஆமா."

"தண்ணிக்காக இல்ல?"

"மாப்ள, உனக்கு என்ன வேணும்? தண்ணி சுத்தமாகணும். ஆகுதா இல்லையா?"

"ஆகுது."

"அப்பறம் என் மனசு சுத்தமா இருக்கான்னு ஏன் மோந்து பாக்குற? டீயைக் குடி, ஆறுது."

நான் குடிக்கவில்லை. காரணம் சரியில்லாமல் சரியான காரியம் செய்பவனை என் அறிக்கையில் எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்கு எவரும் சொல்லித் தரவில்லை.

இன்ஜின்கள் வந்தன. மாட்டிக்கொடுத்தேன். ஒவ்வொன்றோடும் ஒரு சிவப்புச் சுருள் கயிறு வரும். ஒரு முனை ஓட்டுபவன் மணிக்கட்டில், மறுமுனையில் இருக்கும் கிளிப் இன்ஜினின் ஸ்டாப் பட்டனில். ஆள் விழுந்தால் கிளிப் பிடுங்கிக்கொள்ளும், இன்ஜின் நின்றுவிடும். இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தேன். நீ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டாய். கேட்டு முடித்துவிட்டு, "கட்டிப்போட நான் என்ன கன்னுக்குட்டியா?" என்றாய். அந்த வாரமே உன் தேய்ந்துபோன நீல ரப்பர் செருப்பில் ஒரு துண்டு அறுத்து, கிளிப் இருக்க வேண்டிய இடத்தில் திணித்துவிட்டாய். கச்சிதமாக உட்கார்ந்தது. கயிறு இல்லாமலே இன்ஜின் ஓடியது. நான் பிடுங்கி எறிவேன், மறுநாள் வேறு துண்டு இருக்கும். செருப்பு தீரும்வரை பார்க்கலாம் என்று நான் நினைத்தேன். ஊரில் செருப்புக்குப் பஞ்சமா?

தாசில்தார் பார்வையிட வந்த நாள் நினைவிருக்கிறதா? எல்லாப் படகும் வரிசையாக நின்றது. புகையே இல்லாத இன்ஜின் என்று நான் அரை மணி நேரம் பேசி முடித்தேன். துறையிலேயே வயதில் மூத்த கோவிந்து மாமா தன் இன்ஜினை ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்துக் கிளப்பினார். குபுகுபுவென்று நீலப் புகை. பண்ணைக்காரரின் மேனேஜர் போனை எடுத்துப் படம் பிடிக்க ஆரம்பித்தார்.

"மாமா! பெட்ரோல்ல என்னத்தைக் கலந்தீங்க?"

"ஆயிலுதான் தம்பி."

"இதுல கலக்கக் கூடாதுன்னு எத்தனை தடவை சொன்னேன்? இதுக்கு ஆயில் தனியா அடியில இருக்கு!"

"வெறும் பெட்ரோலை எப்படிய்யா ஊத்துறது? மனசு கேக்கல. பச்சைப்புள்ளைக்கு எண்ணெய் வைக்காமத் தலைக்கு ஊத்துன மாதிரி இருக்கு."

இரண்டு ஸ்ட்ரோக்கில் வாழ்நாள் முழுக்க எண்ணெய் கலந்து பழகிய கை. பாசத்தில் செய்த காரியம். துறையே கையைவிட்டுப் போயிருக்கும். நான் தலையில் கை வைத்து நின்றேன். நீ சிரித்துக்கொண்டே தாசில்தாரிடம் போனாய். "ஐயா, அந்த இஞ்சினு பழைய பழக்கத்துல இருமுது. நம்ம படகுல ஏறுங்க, தண்ணி எடுக்குற எடத்தையே காட்டுறேன்." அவரைப் பண்ணையின் மோட்டார் கொட்டகைக்கே கூட்டிப்போனாய். அங்கே ஓடாமல் நின்ற அவர்களுடைய டீசல் மோட்டாரிலிருந்து சொட்டிய எண்ணெய், குட்டைக்குத் தண்ணீர் உறிஞ்சும் குழாயின் வாயிலேயே மிதந்துகொண்டிருந்தது. நீ இன்ஜினை நியூட்ரலில் போட்டுவிட்டு ஒன்றுமே பேசவில்லை. அத்தனை அமைதியில் அந்தச் சொட்டுச் சத்தம் கேட்டது என்று தாசில்தாரே திரும்பி வந்து சொன்னார்.

துறை தங்கியது. ஒரு நிபந்தனை: மண்ணெண்ணெய் இன்ஜின் மாட்டிய படகு இனி அங்கே நிற்கக் கூடாது. எல்லோரும் பழைய இன்ஜின்களைக் கழற்றி வீட்டுக் கூரைக்கடியில் சாக்குப் போட்டு வைத்தார்கள்.

அந்த அமைதி எனக்குப் பெருமையாக இருந்தது. உன் மனைவி கவிதாவுக்கு அப்படி இல்லை. "அந்தப் பழைய இஞ்சினா இருந்தா வளைவுல வரும்போதே கேக்கும்ண்ணே. அரிசியைக் களைஞ்சு ஒலையில போட்டேன்னா சரியா இருக்கும். இப்ப திருடன் மாதிரி திடீர்னு வந்து வாசல்ல நிக்கிறாரு, சோறு எங்கேங்கிறாரு," என்றாள். மூவருமாகச் சிரித்தோம். நான் அதைக்கூட என் அறிக்கையில் இரைச்சல் குறைவு என்று நல்ல பலன்களில் சேர்த்தேன்.

உங்கள் லகூனில், ஆறுகள் கடலில் சேரும் அந்தக் கழியில், ஒரு வழக்கம் இருந்தது. அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அது வழக்கம் என்றே உங்களுக்குத் தெரியாது. மூச்சு விடுவதை யார் வழக்கம் என்பார்கள்? ஓடிக்கொண்டிருக்கும் ஒரு படகின் சத்தம் நிற்கக் கூடாத இடத்தில் நின்றால், பக்கத்தில் இருக்கிற படகு வலையை அப்படியே போட்டுவிட்டுப் போய்ப் பார்க்கும். பிளக் அடைத்திருக்கலாம், பெட்ரோல் தீர்ந்திருக்கலாம், தண்ணீருக்குள் சுழலும் விசிறியில் வலை சுற்றியிருக்கலாம். போய்ப் பார்ப்பார்கள், திட்டுவார்கள், கட்டி இழுத்து வருவார்கள். கேட்கிற தூரத்தில் இருந்தால் போதும்.

நீ போனது நல்ல வெளிச்சத்தில், உச்சிப் பொழுதில். அலையாத்திக் காட்டுக்குள் சின்ன வாய்க்காலில் தனியாக வந்துகொண்டிருந்தாய். நெஞ்சு அடைத்திருக்கிறது. பிடியிலிருந்து கை நழுவி, படகுக்குள்ளேயே சரிந்துவிட்டாய். படகு மெதுவாகப் போய் வேர்களில் மூக்கை முட்டிக்கொண்டு நின்றது. இன்ஜின் நிற்கவில்லை. விசிறி சேற்றைக் கலக்கிக்கொண்டே இருந்தது. பெரிய வாய்க்காலில் இரண்டு படகுகள் உன்னைத் தாண்டிப் போயிருக்கின்றன. கோவிந்து மாமா அதில் ஒருவர். "காத்துச் சத்தந்தான் இருந்துச்சு தம்பி," என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். தேடிப்போய்க் கண்டுபிடித்தபோதும் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. கிளிப் இடத்தில் நீலச் செருப்புத் துண்டு.

ஆஸ்பத்திரியில் டாக்டரை விடாமல் கேட்டேன். "உடனே ஆளுங்க போயிருந்தா பொழைச்சிருப்பானா சார்?"

"சொல்ல முடியாதுப்பா."

"சொல்ல முடியாதுன்னா? ஆமாவா, இல்லையா?"

"பொழைச்சிருக்கலாம். பொழைக்காமலும் போயிருக்கலாம். நீங்க அவருக்கு என்ன வேணும்?"

என்ன வேணும்? கூடப் படித்தவன் என்றேன்.

எனக்குக் குழப்பம் பிடிக்காது. ஆனாலும் யோசித்துப் பார்த்தேன். பழைய இன்ஜினாக இருந்தால் வாய்க்காலுக்குள் ஒரே இடத்தில் கத்திக்கொண்டு நிற்பது கேட்டிருக்கும், யாராவது வந்திருப்பார்கள். அப்படியென்றால் என் இன்ஜின்தான் காரணம். கயிற்றைக் கட்டியிருந்தால் இன்ஜின் நின்றிருக்கும். ஆனால் ஓடுவதே கேட்காத இன்ஜின் நின்றது மட்டும் யாருக்குக் கேட்கும்? அப்படியென்றால் செருப்புத் துண்டு காரணம் இல்லை. நீ என் இன்ஜினை மாட்டாமல் இருந்திருந்தால் துறை போயிருக்கும், துறை இல்லாத ஊரில் நீ அன்றைக்குப் படகிலேயே இருந்திருக்க மாட்டாய். அப்படியென்றால்? இந்த இடத்தில் ஒவ்வொரு தடவையும் நின்றுவிடுகிறேன். எல்லாப் பாகமும் நன்றாக இருக்கிறது, ஆனால் இன்ஜின் கிளம்பவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் துறையில் கூடினார்கள். பழைய இன்ஜின்களையே மாட்டிக்கொள்வோம் என்று பாதிப் பேர் சொன்னார்கள்.

"மாட்டுனா துறை போயிடும்," என்றேன்.

"துறை இருந்து, ஆளு போனா?" என்றார் ஒருவர். பண்ணை மேனேஜர் அன்று சாயங்காலம் இரண்டு முறை பைக்கில் அந்தப் பக்கம் வந்து போனார், யார் வீட்டுக் கூரைக்கடியில் சாக்கு விலகியிருக்கிறது என்று பார்க்க.

எல்லோரும் கவிதாவைப் பார்த்தார்கள். உன் படகை உன் தம்பி ஓட்டுவதாக இருந்தது. அவன் எதை மாட்டுகிறானோ அதையே மற்றவர்களும் மாட்டுவார்கள் என்பது யாரும் சொல்லாமலே முடிவாகியிருந்தது. துறையும் அந்தப் பெண் வாயில்தான் இருந்தது. அவள் யாரையும் பார்க்காமல், "எனக்குச் சத்தம் வேணும். வேற ஒண்ணும் தெரியாது," என்றாள்.

சத்தம்தானே என்று கிளம்பினேன். முத்துப்பேட்டைக் கடைத்தெருவில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை பாயிடம் பைக் ஹாரனும் சின்ன பேட்டரியும் கேட்டேன். "படகுக்கா? குறுக்க மாடு வருதா தம்பி?" என்று சிரித்தவர், யாருக்கு என்று தெரிந்ததும் எழுந்துபோய், உள்ளதிலேயே உரத்த ஹாரனாகப் பொறுக்கி எடுத்து வந்தார். பிடிக்குப் பக்கத்தில் பட்டன் வைத்து மாட்டி, கவிதாவிடம் அழுத்திக் காட்டினேன்.

"இதைக் கையாலதானேண்ணே அமுக்கணும்?"

"ஆமாம்மா."

"கை விழுந்துட்டா?"

அதற்குப் பிறகு நான் அங்கே நிற்கவில்லை. பஸ்ஸில் பாபநாசம் வரைக்கும் யார் மேலோ கோபமாக இருந்தது, யார் மேல் என்று தெரியவில்லை. நெல் வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பிறகு உன் மேல்தான் என்று புரிந்தது. கன்றுக்குட்டியா என்று கேட்டாயே, அந்தச் சிரிப்பின் மேல்.

திரும்பிப் போய் ஹாரனின் வயரைப் பட்டனிலிருந்து பிடுங்கி, அந்தச் சிவப்புக் கயிற்றின் கிளிப் உட்காரும் இடத்துக்குக் கொண்டுபோனேன். கிளிப் இருக்கும்வரை ஊமை. ஆள் சரிந்து கிளிப் பிடுங்கினால் இன்ஜின் நிற்கும், அந்த நொடியிலிருந்து யாராவது வந்து நிறுத்தும்வரை ஹாரன் கத்தும். வாய்க்காலுக்குள் நீ கிடந்த இடத்துக்கே உன் தம்பியை ஓட்டச்சொல்லி, சரிந்து விழச்சொன்னேன். கவிதா கரையில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். ஹாரன் கத்தியது. காட்டுக்குள்ளிருந்து கொக்குக் கூட்டம் கிளம்பியது. பெரிய வாய்க்காலில் வலை போட்டுக்கொண்டிருந்த கோவிந்து மாமாவிடம் நாங்கள் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. வலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் படகைத் திருப்பினார். வந்து பார்த்துவிட்டு உன் தம்பியைக் கெட்ட வார்த்தையில் திட்டினார். திட்டும்போதே அழுதார்.

"இது போதுமாண்ணே?" என்று கவிதா கேட்டாள்.

"தெரியலம்மா," என்றேன். வாழ்க்கையில் ஒரு பெண்ணிடம் இத்தனை தெளிவாக நான் எதையும் சொன்னதில்லை.

"இதையே மாட்டச் சொல்லுங்க," என்றாள். எல்லாப் படகுக்கும் மாட்டினேன். துறை இன்னும் இருக்கிறது. கவிதா தினமும் படகு கிளம்பும் நேரத்துக்கு வந்து ஒவ்வொருவர் மணிக்கட்டையும் பார்க்கிறாள். "கையை நீட்டுங்க மாமா." "என்ன புள்ள, காப்பு கட்டுறியா?" "ஆமா, நீட்டுங்க." கேலி செய்துகொண்டேதான் கட்டிக்கொள்கிறார்கள். செருப்புத் துண்டு எதிலும் இல்லை. கடைசித் துண்டு என் சாவிக்கொத்தில் இருக்கிறது. ஏன் வைத்திருக்கிறேன் என்று கேட்காதே. எறிய எடுத்தேன், எறியவில்லை.

தண்ணீரில் அந்த வானவில் இப்போது குறைவு. நண்டுக் குழம்பில் மண்ணெண்ணெய் வாடை இல்லை என்று உன் தம்பி சொல்கிறான். நீ இதற்காகச் செய்தாயா, துறைக்காகச் செய்தாயா, என்னைச் சும்மா இருக்க வைப்பதற்காகச் செய்தாயா? "மோந்து பாக்காத," என்பாய். ஆனாலும் கேட்கிறேன்.

தாராசுரம் கதையை முடிக்கவில்லையே. மைக்செட்காரர் துரத்தாத குறையாகப் பந்திக்கு அனுப்பிவைத்தார். இலையில் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். பின்பக்கம் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று நின்றது.

ஒருவரும் தலையைத் தூக்கவில்லை. நான் சாதத்தில் வைத்த கையோடு எழுந்து, இலைகளுக்கு நடுவே பாய்ந்து, பக்கத்து இலைக்காரரின் தண்ணீரைத் தட்டிவிட்டு, பின்வாசலுக்கு ஓடினேன். சித்தி பின்னாலேயே கத்துவது கேட்டது: "சாப்பாட்டுல பாதியில எந்திரிச்சு எங்கடா ஓடுற?"

மைக்செட்காரர் பீடி பற்ற வைத்துக்கொண்டு நின்றார். கரண்ட் வந்துவிட்டதாம். அணைத்திருக்கிறார்.

"மறுபடியும் என்ன சார்?"

"ஒண்ணுமில்லைங்க," என்றேன். "சத்தம் நின்னுச்சு. அதான் பாக்க வந்தேன்."